அக்வா இழுக்கவில்லையா? மாட்டுவதற்கு முன் பாருங்கள்

கேள்வி: என்னிடம் இருப்பது 2013 ரொயோட்டா அக்வா, 1,40,000 கிலோமீற்றர் ஓடியது. ஏ9 வீதியில் லொறியை முந்தும்போது இழுவை போதவில்லை. பெடல் பொக்ஸ், கோல்ட் எயார் இன்ரேக் (அகலமான காற்றுக்குழாய்), ரீமப் (என்ஜின் கணினியின் நிரலை மாற்றுவது) என்று கராஜில் மூன்று யோசனை சொல்கிறார்கள். எதைச் செய்யலாம்?

பதில்: மூன்றும் வேண்டாம். காரணம் ஒரு சின்னக் கணக்கில் இருக்கிறது. அக்வா பெற்றோல் என்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட். அதன் 1.5 லீற்றர் என்ஜின் தருவது 54 கிலோவாற். மோட்டார் 45 கிலோவாற் தாங்கும். ஆனால் காரின் மொத்த வலு 99 அல்ல, 73 மட்டுமே. பற்றரியால் ஒரே நேரத்தில் கொடுக்க முடிந்தது 19 கிலோவாற் அளவுதான். 54உம் 19உம் சேர்ந்தால் 73. அக்சிலேற்றரை முழுதாக மிதிக்கும்போது கழுத்தைப் பிடிப்பது மோட்டாரல்ல, பற்றரி. பத்து வருடம் வெயிலில் ஓடிய பற்றரி அந்த 19ஐத் தராவிட்டால், குறைவது நேரே உங்கள் காலடியில் தெரியும்.

பெடல் பொக்ஸ் பாதி மிதித்ததை முக்கால் மிதித்ததாகக் கணினிக்குச் சொல்லும், அவ்வளவுதான். முழு மிதியில் ஒரு வாற்றும் கூடாது. ஈகோ மோடை அணைத்தாலே அதில் பாதி கிடைத்துவிடும், அதுவும் சும்மா. இன்ரேக்கும் அப்படியே. இது அற்கின்சன் முறை என்ஜின்: உள்ளே இழுத்த காற்றில் ஒரு பங்கை வால்வு தாமதமாக மூடி வெளியே தள்ளிவிடும். வழியை அகலமாக்கிப் பயனில்லை. எண்ணெய் பூசிய பில்ற்றர் போட்டால் காற்று அளக்கும் சென்சரில் எண்ணெய் படிந்து இருந்த இழுவையும் போகும்.

ரீமப், ரேர்போ பற்றிக் கேட்பவர்கள் கியர்பெட்டியை மறந்துவிடுகிறார்கள். அதிலுள்ள கோள் பல்லிணை என்ஜின் முறுக்குவிசையில் 72 சதவீதத்தைச் சில்லுக்கு அனுப்பும். மீதி 28ஐ சிறிய ஜெனரேற்றர் எதிர்த்துப் பிடிக்க வேண்டும். என்ஜின் விசையைக் கூட்டினால் ஜெனரேற்றரும், மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் இன்வேர்ட்டரும் அதற்கு ஈடாகப் பிடித்தாக வேண்டும். பிடிக்க முடியாதபோது கணினி வலுவைக் குறைக்கும். 13.4க்கு 1 என்ற அமுக்க விகிதத்தில் நொக்கிங் (எரிபொருள் தானாக வெடித்துத் தட்டுவது) வேறு. 95 ஒக்ரேன் பெற்றோலும் இங்கே வலு தராது. ஜப்பானில் இது சாதாரண பெற்றோலில் ஓடவே செய்யப்பட்ட கார்.

அப்படியானால் எங்கே தொடங்குவது? முதலில் அளந்துகொள்ளுங்கள். வாகனம் இல்லாத நேரான வீதியில் மணிக்கு 40இலிருந்து 80 வரை போக எத்தனை விநாடி என்று கைபேசி ஜிபிஎஸ் செயலியில் பாருங்கள். இரு திசையிலும் மும்மூன்று முறை, ஏசி அணைத்து. ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் அதே வீதியில் திரும்ப அளக்காவிட்டால், செய்தது பலித்ததா என்பது வெறும் மனக்கணக்கு.

அடுத்தது பற்றரிக் காற்றோட்டம். பற்றரி பின் சீட்டின் அடியில் இருக்கிறது. அங்குள்ள சல்லடை வழியாக விசிறி கபின் காற்றை இழுக்கிறது. சாமான் பை, துணி, தலைமயிர், நாய் மயிர் எல்லாம் அங்கேதான் அடைக்கும். சல்லடையைக் கழற்றிக் கழுவிக் காயவைத்துப் போடுங்கள். விசிறி இறக்கைகளிலும் மண் அப்பியிருக்கும், ஆனால் அதைக் கழற்றும் வேலையை ஹைபிரிட் தெரிந்தவரிடமே விடுங்கள். செம்மஞ்சள் வயர் ஒன்றையும் தொடக்கூடாது. பற்றரி 144 வோல்ற், இன்வேர்ட்டருக்குள் 520 வோல்ற் வரை ஏறும். பற்றரியைத் துண்டிக்கும் சேர்விஸ் பிளக்கைக் கழற்றினாலும் மின்தேக்கி வடிய 10 நிமிடம் பொறுக்க வேண்டும்.

பிறகு காரின் கணினியை வாசிக்கும் ஸ்கானரை மாட்டி, ஒருவர் ஓட்ட இன்னொருவர் பாருங்கள். பற்றரி வெப்பம், பிளாக் பிளாக்காக (ஒரு பிளாக் என்பது சில மொடியூல்கள், அதாவது பற்றரித் துண்டுகள் சேர்ந்தது) வோல்ற்றளவு, வெளிவிடும் வரம்பு (பற்றரி தரக் கணினி அனுமதிக்கும் வலு) ஆகிய மூன்றும் வேண்டும். முழு மிதியில் ஒரு பிளாக் மட்டும் மற்றவற்றைவிட அரை வோல்ற்றுக்கு மேல் சரிந்தால் அதில் ஒரு மொடியூல் தளர்ந்துவிட்டது. வெப்பம் 45 பாகையைத் தாண்டும்போது வரம்பு இறங்கினால் குற்றம் குளிர்விப்பில். இரண்டும் சரியாக இருந்தும் வரம்பு தாழ்ந்தே நின்றால், மொடியூல்களை இணைக்கும் செம்புத் தகடுகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கடற்கரையோர ஊர்களில் இது சாதாரணம். ஒரு மொடியூலை மட்டும் மாற்றித் தருகிறேன் என்பவரிடம், 20 மொடியூலையும் சுமையில் சோதித்த எண்களைக் கேளுங்கள். பழசுக்கிடையே கொள்ளளவு ஒவ்வாத ஒன்றை வைத்தால் சில மாதத்தில் அடுத்தது படுக்கும்.

லிதியம் பெட்டி போட்டால் பறக்குமா என்றும் கேட்பார்கள். வரம்பைத் தீர்மானிப்பது காரின் பற்றரிக் கணினி. அது காரோடு வந்த நிக்கல் பற்றரிக்கான கணக்கையே போடும். எடை குறையும், இழுவை கூடாது.

என்ஜின் பக்கம் வேலை சுருக்கமானது. 1,00,000 கிலோமீற்றரில் மாற்ற வேண்டிய இரிடியம் பிளக்குகள் மாற்றப்பட்டனவா என்று பாருங்கள். த்ரொட்டிலிலும், புகையில் ஒரு பங்கை என்ஜினுக்குத் திருப்பும் ஈஜிஆர் வழியிலும் கரி படிந்திருந்தால் துடைக்க வேண்டும். கார் ரெடி நிலையில் இருக்கும்போது இன்வேர்ட்டரைக் குளிர்விக்கும் கூலன்ற் தாங்கிக்குள் அசைய வேண்டும். அசையாவிட்டால் பம்பைச் சந்தேகியுங்கள்.

பலர் தவறவிடுவது பிரேக். ஹைபிரிட்டில் வேகத்தைக் குறைப்பது பெரும்பாலும் மோட்டார் என்பதால் கலிப்பர் ஊசிகள் அசையாமல் துருவேறி, பாட் உரசிக்கொண்டே இருக்கும். 20 கிலோமீற்றர் ஓடி நிறுத்தி, தொடாமல் ஒவ்வொரு சில்லின் அருகிலும் கையை வையுங்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் பிடித்துவிட்டீர்கள். பெரிய அலோய் றிம் போட்டிருந்தால் அதையும் கழற்றி, ஓட்டுநர் கதவுச் சட்டத்திலுள்ள அளவு ரயருக்கும் காற்றழுத்தத்துக்கும் திரும்புங்கள்.

முந்தும்போது திரையிலுள்ள பற்றரிக் கோடு இரண்டுக்குக் கீழே நின்றால் மோட்டார் உதவி சுருங்கும். ஐந்தாறு கோடு ஏறும்வரை லொறிக்குப் பின்னாலேயே இருங்கள். ஏசியை அணைத்து, இடைவெளி தெரிவதற்குச் சற்று முன்பே மிதிக்கத் தொடங்குங்கள், என்ஜின் சுற்றேற ஒரு கணம் எடுக்கும். இவ்வளவும் செய்தும் போதாது என்றால், ரீமப்புக்கு வைத்த பணத்தை 2021இல் வந்த புதிய அக்வாவுக்குச் சேருங்கள்: அதன் மொத்த வலு 116 குதிரைவலு, உங்களுடையது 100.