கையில் அட்டையோடு நிற்பவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கால்பந்துச் செய்திகளில் ஒரு வரி அடிக்கடி வருகிறது: நெடுங்காலம் டிஃபெண்டராக (எதிரணியின் கோலைத் தடுப்பவராக) ஆடியவர் ஓய்வு பெற்றார், துணைப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். அதற்குப் பிறகு அவர் பெயரே அடிபடுவதில்லை. கோட்டுக்கு வெளியே ஓர் அட்டையோடு நிற்பதைத் தவிர அவர் என்னதான் செய்கிறார்? தலைமைப் பொறுப்பு கிடைக்காதவருக்கான ஆறுதல் பரிசா இது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த அட்டையிலிருந்தே தொடங்கலாம். கார்னரிலும் (களத்தின் மூலையிலிருந்து அடிக்கும் பந்து) ஃப்ரீ கிக்கிலும் யார் எங்கே நிற்க வேண்டும் என்ற படம் அதில் இருக்கும். மாற்று ஆட்டக்காரர் களமிறங்கும் முன் துணைப் பயிற்சியாளர் அதைத்தான் காட்டுகிறார். பின்வரிசையின் நடுவில் தடுக்கும் உயரமான சென்டர் பேக் வெளியே வந்து, ஓரமாக ஓடித் தாக்கும் குள்ளமான விங்கர் உள்ளே போகிறார் என்று வையுங்கள். சென்டர் பேக் மறித்துக்கொண்டிருந்த ஆளை இனி யார் மறிப்பது? அது தீர்மானமாகவில்லை என்றால் அடுத்த கார்னரிலேயே கோல் விழலாம்.

கார்னரைத் தடுக்கப் பல அணிகள் பின்பற்றும் ஏற்பாடு இது. கோலுக்கு முன்னால் உள்ள 5.5 மீட்டர் சிறுகட்டத்தில் தலையால் முட்டுவதில் வல்லவர்கள் மூன்று நான்கு பேர் இடம் பிடித்து நிற்பார்கள். அவர்கள் பார்ப்பது பந்தை மட்டுமே. அவர்களுக்கு முன்னால் இரண்டு மூன்று பேர், ஓடிவரும் எதிரணியினரின் வேகத்தைக் குலைக்க. பெனால்டி பாக்ஸ் விளிம்பில் ஒருவர், தெறித்து வரும் பந்துக்கு. ஆனால் முதல் பந்தைத் தட்டிவிட்டதோடு ஆபத்து முடிவதில்லை. கார்னரிலிருந்து நேராகப் பந்தைப் பெறுபவருக்கு ஆஃப்சைடு (பந்து அனுப்பப்படும்போது தடுப்பவர்களைத் தாண்டி கோலருகே நிற்கும் தவறு) கிடையாது. தட்டிவிட்ட பந்தை எதிரணி மீண்டும் உள்ளே அனுப்பும்போது ஆஃப்சைடு உண்டு. ஆகவே பந்து வெளியே போனதுமே எல்லோரும் சேர்ந்து முன்னேறி ஓட வேண்டும். கம்பத்தருகே ஒரே ஒருவர் தங்கிவிட்டால் போதும், எதிரணியில் யாரும் ஆஃப்சைடு ஆகமாட்டார்கள்.

வாரநாட்களில் முக்கிய வேலை பின்வரிசைப் பயிற்சி. முதலில் எதிராளிகளே இல்லாமல் பின்வரிசை டிஃபெண்டர்கள் நான்கு பேரையும் கோல்கீப்பரையும் வைத்துத் தொடங்குவார்கள். பந்தை வைத்திருப்பவர் முகம் நிமிர்ந்து, அவரை யாரும் நெருக்காமல் இருந்தால் வரிசை பின்வாங்க வேண்டும். பந்து பின்னோக்கிப் போனாலோ, வைத்திருப்பவர் முதுகைக் காட்டித் திரும்பினாலோ முன்னேற வேண்டும். பக்கவாட்டில் பந்து நகர்ந்தால் நால்வரும் ஒரே கயிற்றில் கட்டியதுபோல் நகர வேண்டும். பிறகு ஆறு பேரைத் தாக்கவிட்டு நால்வரைத் தடுக்கச் சொல்வார்கள். வழக்கமாகப் பிசகுபவர் பந்துக்கு எதிர்ப்புறத்தில் இருக்கும் ஃபுல் பேக், அதாவது வரிசையின் ஓரத்தில் ஆடுபவர். பந்தையே பார்த்துக்கொண்டு இரண்டு அடி பின்தங்கிவிடுவார், மற்ற மூவரின் உழைப்பும் வீண். கால் மணி நேரத்துக்கு மேல் இதை இழுக்காமலிருப்பது நல்லது; கவனம் தளர்ந்தால் தவறான பழக்கம்தான் படியும்.

இங்கேதான் பயிற்சியாளராக மாறும் பெரிய ஆட்டக்காரர்கள் பலர் திணறுகிறார்கள். ஆபத்தைக் கண்டதும் அவர்கள் கால் தானாக நகர்ந்துவிடும். ஏன் நகர்ந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. "கவனமாக இரு" என்று கத்துவது பயிற்சி ஆகாது. "உடம்பைப் பாதி திருப்பி நில், பந்தும் உன் ஆளும் ஒரே பார்வையில் தெரிய வேண்டும்" என்பதே பயிற்சி. இன்னொரு கெட்ட பழக்கம், தானே உள்ளே புகுந்து ஆடிக்காட்டுவது. ஆடுகிறவர் கண்ணுக்கு மறுகோடி ஃபுல் பேக் தெரிவதேயில்லை. பின்வரிசைக்குப் பக்கவாட்டில், அதே நேர்கோட்டில் நின்றால்தான் கோணல் தெரியும்.

வீடியோ வேலையும் அவரிடம்தான் வரும். கோல் விழுந்த நொடியைக் காட்டுவதால் பயனில்லை. அதற்கு எட்டுப் பத்து வினாடிக்கு முன் வரிசை எப்படி இருந்தது என்று காட்ட வேண்டும். ஓர் ஆட்டக்காரருக்கு ஐந்தாறு துண்டுகள் போதும், அவற்றில் குறைந்தது இரண்டு அவர் சரியாகச் செய்தவையாக இருக்கட்டும்.

ஆறுதல் பரிசா என்று கேட்டீர்கள். 2022 உலகக் கோப்பையை வென்ற அர்ஜென்டினாவின் பயிற்சிக் குழுவில் வால்டர் சாமுவேல், ராபர்தோ அயாலா என்ற இரண்டு பெரிய சென்டர் பேக்குகள் உதவியாளர்களாக இருந்தார்கள். தலைமைப் பயிற்சியாளர் லியோனல் ஸ்கலோனியே வலது பேக்காக ஆடியவர். 2018 உலகக் கோப்பையில் அப்போதைய அர்ஜென்டினா தலைமைப் பயிற்சியாளர் சம்பாவோலியின் உதவியாளர். இன்னொருவர் ஸ்டீவ் க்ளார்க். 1987 முதல் 1998 வரை இங்கிலாந்தின் செல்சி அணியில் வலது பேக், 2004இல் அங்கேயே தலைமைப் பயிற்சியாளர் மொரீன்யோவின் உதவியாளர். அந்தப் பருவத்தின் 38 லீக் ஆட்டங்களில் செல்சி வாங்கியது 15 கோல்களே. (அதை முழுக்க க்ளார்க் கணக்கில் எழுதினால் கோல்கீப்பர் செக்குக்கும் சென்டர் பேக் டெரிக்கும் அநியாயம்.) 2019இல் ஸ்காட்லாந்தின் பயிற்சியாளராகி, 2020, 2024 யூரோ (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) போட்டிகளுக்கு அணியைக் கொண்டுசென்றார்.

பணியில் உள்ள உண்மையான குறை வேறு. தலைமைப் பயிற்சியாளரை நீக்கினால் உதவியாளர்களும் பெரும்பாலும் கூடவே கிளம்ப வேண்டியிருக்கும். பயிற்சியாளர் உரிமம் கையில் இருந்தால்தான் அடுத்த கதவைத் தட்ட முடியும். ஐரோப்பாவில் சி, பி, ஏ, ப்ரோ என்று படிப்படியாகப் போகும் அந்தப் படிப்பை முடிக்கச் சில ஆண்டுகள் ஆகும். அதனால்தான் விவரமான டிஃபெண்டர்கள் ஆடிக்கொண்டிருக்கும்போதே அதில் சேர்ந்துவிடுகிறார்கள்.