வீட்டை அடமானம் வைத்து ஒரு சீட்டு

மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்று ஆலோசனை கேட்டுப் போன வாரம் என்னிடம் ஒரு குடும்பம் வந்தது. அப்பாவுக்குப் பாத்திரக் கடை, அம்மா வீட்டில் தையல். அரசுப் பள்ளியில் ப்ளஸ் டூ முடித்த மகள், ஆங்கில இலக்கியம்தான் படிப்பேன் என்று நிற்கிறாள். அதிலும் அமெரிக்கக் கவிதையும் நாடகமும் என்றால் உயிராம். இதற்கிடையில் கோவையில் இருக்கும் பெரிய மாமா, ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்குப் பேசியே முடித்துவிட்டார். நாலு வருஷத்துக்குப் பத்து லட்சம். “கவிதை படிச்சா சோறு போடுமா சார்?” என்று கேட்கும்போதே அப்பாவுக்குக் குரல் தழுதழுத்தது.

கவலைப்படாதீர்கள், எல்லாம் சரியாகும் என்று நானும் வழக்கம்போலத்தான் ஆரம்பித்தேன். பணம் எங்கிருந்து வரும் என்று கேட்டேன். வீட்டுப் பத்திரம் என்றார். அதோடு சமாதானப் பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

அந்தப் பெண்ணைத் தனியாக உட்காரவைத்து, அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் ஃப்ராஸ்டின் ‘தி ரோட் நாட் டேக்கன்’ கவிதையைப் பற்றிக் கேட்டேன். காட்டில் இரண்டாகப் பிரியும் பாதையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ஒருவர் பேசும் கவிதை அது. ஊரே அதைத் ‘துணிந்து தனி வழியில் போ’ என்கிற தன்னம்பிக்கைக் கவிதையாக மேடையில் முழங்குகிறது. இவள் சொன்னது: “ரெண்டு பாதையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் தேஞ்சிருக்குன்னு அவரே சொல்லிடறாரே சார். அப்புறம் பல வருஷம் கழிச்சு, ஆள் அதிகம் போகாத பாதையில போனேன்னு பெருமூச்சோட சொல்லுவாராம். அவர் தன்னையே கிண்டல் பண்ணிக்கிறார்னு நினைக்கிறேன்.” மேலே ஒன்று சொல்லி உள்ளே வேறொன்றை உணர்த்தும் இதற்குத்தான் முரண்நகை என்று பெயர். அந்தப் பெயர் அவளுக்குத் தெரியாது. விஷயம் தெரிந்திருக்கிறது. பெயரைக் கல்லூரியில் மூன்று மாதத்தில் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். உருவகம், படிமம், குறியீடு என்று பட்டியல் போட்டு ஒப்பிக்க ஐம்பது ரூபாய் கைடு போதும். அந்த உத்தி அந்த வரியில் என்ன வேலை பார்க்கிறது என்று இப்படிக் கண்டுபிடிப்பதற்குக் கைடு கிடையாது.

இலக்கியம் படித்தால் வாத்தியார் வேலை, பி.எட்., டி.ஆர்.பி., வங்கித் தேர்வு என்பதெல்லாம் மாமாவுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன். யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: வசன வரிகள் எழுதுவதும் ஒலி விவரிப்பும்.

நாம் சப்டைட்டில் என்று சொல்லும் வசன வரி, பார்ப்பதற்கு டைப்பிங் வேலை போலத் தெரியும். திரையில் ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வரக்கூடாது. ஆங்கிலம் என்றால் ஒரு வரிக்கு 42 எழுத்து என்பது பரவலான கணக்கு. பாத்திரம் மூச்சுவிடாமல் பேசியதை அதற்குள் அடக்க வேண்டும். குத்தலும் தொனியும் போய்விடக்கூடாது. அந்தத் தொனி பிடிபடுகிறதா என்று பார்க்க, அவளுக்கு எமிலி டிக்கின்சனின் மரணக் கவிதையைத் தமிழில் பெயர்க்க எடுத்துக் கொடுத்தேன். வாழ்ந்த காலத்தில் பத்துக் கவிதை அளவுக்கே அச்சில் வந்து, இறந்த பிறகு ஏறத்தாழ 1,800 கவிதைகளுக்குச் சொந்தக்காரராகத் தெரியவந்தவர் அவர். அந்தக் கவிதையில் மரணம் ஒரு கனவானாகக் குதிரை வண்டியில் வந்து, பெண்ணை மரியாதையாக ஏற்றிக்கொண்டு போகிறது. நமக்குத் தெரிந்த யமன் எருமை மேல் பாசக்கயிற்றோடு வருபவன். தமிழில் ‘வண்டியை நிறுத்தினான்’ என்பதா, ‘நிறுத்தினார்’ என்பதா? ‘ஆர்’ போட்டால்தான் அந்த நாகரிகம் நிற்கும், அந்த நாகரிகத்தில்தான் பயமே இருக்கிறது என்றாள். ஒரு விகுதிக்காக முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். எனக்கு மதியச் சாப்பாடு தள்ளிப்போனது, அது வேறு.

ஒலி விவரிப்பு என்பது பார்வையற்றவர்களுக்காக, வசனங்களுக்கு நடுவே கிடைக்கும் சில நொடிகளில் திரையில் நடப்பதைச் சொல்வது. டென்னசி வில்லியம்ஸின் ‘தி கிளாஸ் மெனாஜரி’ நாடகத்தில் லாரா என்ற பெண் நடனமாடும்போது, அவளுடைய கண்ணாடிக் குதிரைப் பொம்மை விழுந்து அதன் ஒற்றைக் கொம்பு உடைகிறது. அந்தப் பொம்மை லாராவின் குறியீடு என்று புரிந்தவர்தான் கொம்பு உடைந்ததை விடாமல் சொல்வார். ஆனால் குறியீடு என்று விளக்கவும் கூடாது. நான்கு நொடியில் ‘கொம்பு உடைந்து கிடக்கிறது’ என்று சொல்லிவிட்டு ஒதுங்க வேண்டும். திரையரங்கப் படங்களில் இந்த வசதிகள் வேண்டும் என்று மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2024 மார்ச்சில் வழிகாட்டு நெறிமுறையே வெளியிட்டிருக்கிறது. ‘சப்டைட்டில் எடிட்’ போன்ற மென்பொருள் இலவசம். இரண்டாம் ஆண்டிலேயே குறும்படம் எடுக்கும் நண்பர்களுக்குச் செய்து பழகலாம்.

ஒன்றை மறைக்கவில்லை. இது பெரும்பாலும் நிமிடக் கணக்கில் கூலி தரும் ஒப்பந்த வேலை. முதல் இரண்டு வருஷம் வருமானம் ஏறி இறங்கும். கடன் இல்லாதவருக்குத்தான் அந்த இரண்டு வருஷத்தைத் தாங்க முடியும்.

அதனால்தான் செலவில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. அரசு கலைக் கல்லூரியில் வருஷத்துக்குச் சில ஆயிரத்தில் முடியும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வேறு. அந்தப் பக்கம், கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பொதுவாக வங்கி சொத்துப் பிணை கேட்கும். கணக்கில் தட்டுத்தடுமாறிப் பாஸ் செய்த பெண்ணை, கணக்கே அஸ்திவாரமான படிப்பில் வீட்டை ஈடு வைத்துச் சேர்ப்பதற்கு என்னிடம் ஒப்புதல் கிடைக்காது.

1949-இல் அரங்கேறிய, ஆர்தர் மில்லரின் ‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’ நாடகக் கதையை அப்பாவிடம் சொன்னேன். திறந்தவெளியில் உடம்பால் உழைக்கப் பிடிக்கும் மகனைப் பெரிய வியாபாரியாக்கியே தீருவேன் என்று நிற்கும் அப்பா. கடைசியில் அந்த அப்பாவின் கல்லறை முன் நின்று மனைவி சொல்கிறாள்: வீட்டின் கடைசித் தவணையை இன்றைக்குத்தான் கட்டினேன், குடியிருக்கத்தான் ஆள் இல்லை. கடைக்காரர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

மகளுக்கும் இரண்டு வார்த்தை சொன்னேன். பட்டப்படிப்பில் அமெரிக்க இலக்கியம் பொதுவாக ஒன்றிரண்டு தாள்தான். மிச்சமெல்லாம் பதினான்காம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர், ஷேக்ஸ்பியர், மொழியியல், விமர்சனம். அதையும் உட்கார்ந்து படிக்க வேண்டும். ஒரு மாதம் தினமும் ஒரு கவிதையைத் தமிழில் பெயர்த்து நோட்டில் எழுதி வா, பத்தாம் நாள் அலுத்துவிட்டால் அதையும் மறைக்காமல் சொல், வேறு யோசிப்போம் என்றேன்.

அரசுக் கல்லூரிக்கான இணைய விண்ணப்பத்தை மட்டும் தள்ளிப்போட வேண்டாம் என்று அவர்களை என் அறையிலேயே போடவைத்தேன். மாமாவிடம் யார் பேசுவது என்று அம்மா கேட்டார். அவருடைய போன் நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன்.