மழை நாளில் லண்டன், மறுநாள் கப்பல்

கேள்வி: டீச்சர், சொந்த ஊர் குடியாத்தம் என்றாலும் நானும் என் வீட்டுக்காரரும் இப்போது மகனோடு நியூஜெர்சியில் இருக்கிறோம். ஊருக்கு வந்துவிட்டு அக்டோபரில் திரும்புகிறோம். லண்டன் வரை விமானம், அங்கிருந்து குயின் மேரி 2 கப்பலில் நியூயார்க். நடுவில் லண்டனில் ஒரே ஒரு பகல் இருக்கிறது. மழை பெய்யும் என்கிறார்கள். இவருக்கு முழங்கால் வலி வேறு. மேல்கூரை இல்லாத சுற்றுலா பஸ்ஸில் ஏறினால் எல்லாவற்றையும் பார்த்துவிடலாமாமே?
- ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: அந்த பஸ் வேண்டாம் அம்மா. மழைக்கோட்டைப் போர்த்திக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பதெல்லாம் பார்த்த கணக்கில் சேராது. ஒரு பகல்தானே, ஒரே இடத்துக்குப் போங்கள். சவுத் கென்சிங்டனில் இருக்கும் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம். நுழைவுக் கட்டணம் கிடையாது. காலை 10 மணி முதல் மாலை 5.45 வரை திறந்திருக்கும், வெள்ளிக்கிழமை என்றால் இரவு 10 வரை.

உங்களை அங்கே அனுப்புவதற்குக் காரணம் திப்பு சுல்தானின் புலி. மரத்தில் செதுக்கி வண்ணம் தீட்டியது. மல்லாந்து கிடக்கும் ஒரு வெள்ளைக்காரன் மேல் ஏறி அவன் கழுத்தைக் கவ்வியிருக்கும். அவனுக்குச் சிவப்புக் கோட்டு, கறுப்புத் தொப்பி. புலியின் விலாவில் ஒரு கதவு, அதற்குள்ளே ஆர்மோனியத்தில் இருப்பது மாதிரி கட்டைகள். பக்கத்தில் உள்ள கைப்பிடியைச் சுற்றினால் துருத்தி ஊதும், புலி உறுமும், அந்த ஆள் முனகுவான், அவன் கை ஏறி இறங்கும். பார்க்க வருகிறவர்கள் அதைச் சுற்ற முடியாது. ஆனாலும் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். அவன் கண் உங்களை விடாது.

1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு இறந்தார். கும்பெனிக்காரர்கள் இந்தப் புலியை அரண்மனையிலிருந்து எடுத்து லண்டனுக்கு அனுப்பினார்கள். அவருடைய பிள்ளைகளையும் வீட்டுப் பெண்களையும் நம் வேலூர் கோட்டைக்குக் கொண்டுவந்து அடைத்தார்கள். 1806 ஜூலை 9 அன்று கோட்டைக்குள் திப்புவின் மகள் ஒருத்திக்குக் கல்யாணம். மறுநாள் விடியுமுன் கோட்டையிலிருந்த சிப்பாய்கள் கும்பெனிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி என்ற வெள்ளைக்கார அதிகாரி குதிரைப்படையோடு வந்து அவர்களை நொறுக்கினான். திப்புவின் குடும்பத்தையும் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். வேலூர் மக்கான் சந்திப்பில் நிற்கும் அந்தச் சிப்பாய்களின் நினைவுத்தூணை பஸ்ஸில் போகும்போது எத்தனை முறை பார்த்திருப்பீர்கள்!

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கோட்டைக்கு அழைத்துப் போய் திப்பு மகாலைக் காட்டிக் கதை சொன்னவள் நான். மகளைப் பார்க்க லண்டன் போயிருந்தபோது அந்தப் புலியின் முன்னால் நின்றேன். நம் கோட்டைக்குள் இருந்த பெண்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். அவர்கள் வீட்டுப் பொருள் அது. தொண்டை அடைத்துக்கொண்டது. வேலூர்ப் பக்கத்துக்காரர்கள் யார் லண்டன் போனாலும் பக்கிங்ஹாம் அரண்மனையையும் லண்டன் ஐ ராட்டினத்தையும் விட்டாலும் பரவாயில்லை, இதைப் பார்க்காமல் வரக்கூடாது என்பது என் கட்சி.

ஒன்று செய்யுங்கள். அருங்காட்சியகங்களில் புதுப்பிக்கும் வேலைக்காகச் சில கூடங்களை மூடுவதுண்டு. புலி எந்த அறையில் இருக்கிறது என்று கிளம்புமுன் அவர்கள் இணையதளத்தில் மகனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சுரங்க ரயிலில் போனால் நிலையத்திலிருந்து நனையாமல் நடந்துபோக ஒரு சுரங்கப்பாதை இருக்கிறது. ஆனால் படிகள் உண்டு, உங்கள் வீட்டுக்காரருக்குச் சரிப்படாது. கறுப்பு டாக்சி பிடித்து எக்சிபிஷன் ரோடு வாசலில் இறங்குங்கள், அந்தப் பக்கம் படி ஏறாமலே உள்ளே போகலாம். கால் வலித்தால் உள்ளேயே கஃபே இருக்கிறது. சுவரெல்லாம் பீங்கான் ஓடு பதித்த பழைய கூடம். ஒரு டீ வாங்கிக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம்.

ஊரையும் ஒரு பார்வை பார்க்க ஆசையாக இருந்தால் சாயங்காலம் ராயல் ஆல்பர்ட் ஹால் முன்னால் 9-ஆம் எண் சிவப்பு பஸ்ஸில் ஏறுங்கள். ஹைட் பார்க் முனை, பிக்காடிலி, டிரஃபால்கர் சதுக்கம் எல்லாம் நனையாமலே வந்துவிடும். காசு வாங்க மாட்டார்கள், வங்கி கார்டைத் தட்டினால் போதும்.

மறுநாள் விஷயத்துக்கு வருகிறேன். கப்பல் கிளம்புவது சவுத்தாம்ப்டனில். வாட்டர்லூவிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். மழைக்காலம் என்பதால் ஒரு வண்டி முன்னதாகவே போங்கள். அங்கே கப்பல் முனையம் ஒன்றுக்கு மேல் இருக்கிறது, டிக்கெட்டில் உள்ள பெயரை டாக்சிக்காரரிடம் காட்டுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் என்றால் ஒரு நாள்தானே என்று இருந்துவிடாமல் பிரிட்டன் விசாவை இப்போதே வாங்கிவிடுங்கள்.

கேள்வி: லண்டனிலிருந்து விமானத்தில் எட்டு மணி நேரத்தில் போய்ச் சேர்கிற நியூயார்க்குக்குக் கப்பலில் ஏழு இரவு கடலில் போவானேன்?
- ஒரு வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: உடம்பு கெடாமல் போய்ச் சேரலாம் ஐயா. லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் வழக்கமாக 5 மணி நேர வித்தியாசம். மேற்கே போகும்போது கப்பலில் ஐந்து இரவுகள் கடிகாரத்தை ஒவ்வொரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அந்த நாட்களுக்கு 25 மணி நேரம். வயதானவர்கள் தூக்கம் கெடாமல் இறங்கலாம். 2004-ல் ஓடத் தொடங்கிய இந்தக் கப்பலின் நீளம் 345 மீட்டர். அப்படியும் அட்லாண்டிக் அலையில் ஆடத்தான் செய்யும். நடுக்கப்பலில், கீழ்த்தளத்தில் அறை எடுத்தால் ஆட்டம் குறைவு.

குடியாத்தம் அம்மாவுக்கு இன்னும் ஒன்று. கப்பல் வழக்கமாகப் போய் நிற்பது புரூக்ளினில் ரெட் ஹூக் முனையம். மகன் கார் கொண்டுவருவதாக இருந்தால் இதை முன்னாடியே சொல்லிவிடுங்கள், மன்ஹாட்டனில் போய்த் தேடிக்கொண்டிருக்கப் போகிறார்.