ஒன்றரை மீட்டரில் தவறும் பந்து – கடிதம்

வணக்கம்.

கோல்ஃப் பயிற்சியில் ஒன்றரை மீட்டர் பட்டிங்கில், அதாவது பந்தைப் புல்தரையில் உருட்டிக் குழியில் விழவைப்பதில், எனக்குப் பந்து தவறுவதே இல்லை. போட்டி என்றால் அதே தூரத்தில் குழியை உரசிக்கொண்டு போய்விடுகிறது. ‘தலையைத் தூக்காதே’ என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன்; கை இறுகியதுதான் மிச்சம். மனம் ஒருமுகப்பட தியானம் பழகலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தியானம் நல்லதுதான், பழகுங்கள். ஆனால் நீங்கள் சொல்வதைப் பார்த்தால், முதலில் சரிசெய்ய வேண்டியது கண்ணை.

குழியின் குறுக்களவு 108 மில்லிமீட்டர். பந்தை உருட்டும் மட்டையான பட்டரின் முகம் 2 டிகிரி திரும்பினால் போதும், ஒன்றரை மீட்டர் போவதற்குள் பந்து 5 சென்டிமீட்டருக்கு மேல் விலகிக் குழியின் விளிம்புக்கு வந்துவிடும். பந்து விழுகிறதா என்று பார்க்கும் அவசரத்தில் கண் முந்துகிறது. கண்ணோடு தலை, தலையோடு தோள், தோளோடு பட்டர். 2 டிகிரி திரும்ப இதுவே தாராளம். ‘தலையைத் தூக்காதே’ என்பது கழுத்துக்கு இடும் கட்டளை. கழுத்து விறைத்தால் கையும் விறைக்கும். கண்ணுக்கு ஒரு வேலை கொடுங்கள், தலை தானாக நிற்கும்.

கனடாவில் கால்கரி பல்கலைக்கழகத்தின் ஜோன் விக்கர்ஸ் பட்டிங்கின்போது வீரர்களின் பார்வை எங்கே போகிறது என்று பதிவுசெய்து 1992இல் ஆய்வு வெளியிட்டார். கைதேர்ந்தவர்கள் பட்டரை அசைக்கும் முன்பே பந்தில் ஓரிடத்தில் பார்வையை நிறுத்திவிடுகிறார்கள். 2 முதல் 3 வினாடி அது அங்கேயே இருக்கும். பந்து போன பிறகும் ஏறக்குறைய அரை வினாடி, பந்து இருந்த இடத்துப் புல்லை விட்டு நகராது. தடுமாறுபவர்களின் பார்வை பந்துக்கும் பின்னால் போகும் பட்டருக்கும் நடுவே தாவுகிறது.

பந்து எந்தக் கோட்டில், எவ்வளவு வேகத்தில் போக வேண்டும் என்பதைப் பந்துக்குப் பின்னால் நிற்கும்போதே முடிவு செய்துவிடுங்கள். குனிந்த பிறகும் சந்தேகம் இருந்தால் கண் நிற்காது. நிமிர்ந்து விலகி, மறுபடி தொடங்குவதே மேல். நின்றதும் கோட்டின் வழியே குழி வரை பார்வையை நிதானமாக இரண்டு மூன்று முறை ஓட்டுங்கள். பிறகு பந்தின் பின்பக்கத்தில், பட்டர் தொடப்போகும் இடத்தில், ஒரே ஒரு சிறு பள்ளத்தைத் தேர்ந்தெடுங்கள். ‘பந்தைப் பார்’ என்பது போதாது. பந்து பெரிது, அதன்மேல் கண் அலையும். அந்தப் பள்ளத்தின் விளிம்பு தெளிவாகத் தெரிந்ததும் பட்டரை இழுங்கள். பட்டர் போகும் திசையில் கண்ணை விடாதீர்கள். ஐந்தாறு வினாடி முறைத்துக்கொண்டு நிற்பதும் கூடாது, உடம்பு இறுகிவிடும்.

பயிற்சியில் பந்துக்கு அடியில் ஒரு சின்ன நாணயத்தை வையுங்கள். அடித்ததும் நாணயம் கண்ணில் பட வேண்டும். பூவா தலையா என்று சொல்லிவிட்டுத்தான் நிமிர வேண்டும். குழிக்குள் பந்து விழுவதைக் காது சொல்லட்டும். ஒன்றரை மீட்டரில் தினம் இருபது பந்து போதும்.

நீண்ட தூரத்தில் சிக்கல் வேகம்தான். அங்கே ஒத்திகை வீச்சைக் குழியைப் பார்த்தபடியே செய்யுங்கள், தூரம் கைக்குப் பிடிபடும். அடிக்கும்போது மட்டும் மறுபடி அந்தப் பள்ளத்துக்கு வாருங்கள்.

போட்டியில் நெருக்கடி கூடும்போது முதலில் சுருங்குவது பார்வை பந்தில் நிற்கும் இந்த 2 வினாடிதான். தவறவிட்டால் கையை நோகாதீர்கள். பந்து கிளம்பிய இடத்துப் புல்லைப் பார்த்தோமா என்று மட்டும் கேட்டுக்கொண்டு அடுத்த குழிக்கு நடங்கள்.

அன்புடன்