ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் குழந்தை: மயக்க மருந்து டாக்டரின் பதில்கள்

குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுப்பதுதான் என் அன்றாட வேலை. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். உங்கள் குழந்தையை நேரில் பார்த்த டாக்டர் வேறு சொன்னால் அவர் பேச்சையே கேளுங்கள்.

மகளுக்கு மூன்று வயது. காலை 10 மணிக்குக் குடலிறக்க ஆபரேஷன். இரவு 12 மணிக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்கிறார்கள். எப்படித் தாங்குவாள்?

அவ்வளவு நேரம் தாங்க வேண்டிய அவசியமே இல்லை, அம்மா. இட்லி, பிஸ்கட், கஞ்சி, பசும்பால், புட்டிப்பால் எல்லாம் 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். தாய்ப்பாலுக்கு 4 மணி நேரம். தண்ணீர், வழுக்கை இல்லாமல் வடிகட்டிய இளநீர் போன்றவற்றை 2 மணி நேரம் முன்பு வரை கொடுக்கலாம். ஐரோப்பிய வழிகாட்டுதல்களில் இப்போது ஒரு மணி நேரம் முன்பு வரைகூட அனுமதிக்கிறார்கள்.

மயக்கத்தில் இருமலும் விழுங்கும் உணர்வும் அடங்கிவிடும். வயிற்றில் இருப்பது மேலே ஏறினால் நேராக நுரையீரலுக்குள் போய்விடும். தண்ணீர் இரைப்பையை விட்டு விரைவில் இறங்கிவிடும். பால் அங்கேயே திரிந்து கெட்டியாக நிற்கும். டீயும் மோரும் பால் கணக்கில்தான் சேரும்.

நள்ளிரவு விதி வார்டின் வசதிக்காக வந்தது என்பதே என் எண்ணம். பட்டினியில் வாடிய குழந்தைக்கு ஊசி ஏற்ற நரம்பு கிடைப்பதே கஷ்டம். ஆனால் நீங்களாக முடிவெடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்; "எத்தனை மணி வரை தண்ணீர் தரலாம்?" என்று மயக்க மருந்து டாக்டரிடமே கேளுங்கள். பாட்டி இரக்கப்பட்டு ஒரு பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். ஆபரேஷன் சில மணி நேரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

பேரனுக்கு மூக்கு ஒழுகுகிறது. சொன்னால் தேதியைத் தள்ளிவிடுவார்கள். மகனும் மருமகளும் லீவு போட்டாயிற்று. சொல்லாமல் விடலாமா, டாக்டர்?

கூடவே கூடாது, ஐயா. சளி பிடித்த குழந்தையின் மூச்சுப்பாதை சில வாரங்களுக்குச் சட்டென்று சினந்துகொள்ளும். மயக்கத்தில் குரல்வளை இறுகி மூடிக்கொண்டால், நாங்கள் ஆக்சிஜன் அளவு இறங்குவதைப் பார்த்தபடி வேலை செய்ய வேண்டியிருக்கும். முன்கூட்டியே தெரிந்திருந்தால் அதற்கேற்ற மருந்தும் கருவியும் கையில் தயாராக இருக்கும். வெறும் தண்ணீர்ச் சளி என்றால் பெரும்பாலும் தள்ளிப்போடவே மாட்டோம். காய்ச்சல், மஞ்சள் சளி, மூச்சிரைப்பு இருந்தால் அவசரமில்லாத ஆபரேஷன் சில வாரம் காத்திருக்கட்டும். வீட்டில் யாராவது சிகரெட் பிடிக்கிறார்களா என்பதையும் சொல்லுங்கள். அந்தப் புகையும் இதே ஆபத்தைக் கூட்டும்.

மயக்க மருந்தால் மூளை வளர்ச்சி பாதிக்குமா? மகனுக்கு ஆறு மாதம்.

இந்தப் பயம் விலங்குகளிடம் செய்த ஆய்வுகளிலிருந்து வந்தது. அமெரிக்க மருந்து நிர்வாகமும் 2016-இல், மூன்று வயதுக்குள் 3 மணி நேரத்துக்கு மேல் நீளும் மயக்கமோ பலமுறை தரும் மயக்கமோ குறித்து எச்சரித்தது. மனிதர்களிடம் நடந்த பெரிய ஆய்வு ஏழு நாடுகளில் குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்த 722 கைக்குழந்தைகளை எடுத்துக்கொண்டது. ஒரு பாதிக்கு முழு மயக்கம், மறுபாதிக்கு விழித்திருக்கும்போதே இடுப்புக்குக் கீழ் மட்டும் மரத்துப்போகும் ஊசி. முழு மயக்கம் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. ஐந்து வயதில் இரு தரப்பின் அறிவுத்திறனிலும் வித்தியாசமில்லை என்று 2019-இல் முடிவு வெளியானது. தேவையான சிறு ஆபரேஷனை இந்தப் பயத்தால் தள்ளிப்போடாதீர்கள். கைக்குழந்தையின் குடலிறக்கத்தில் குடல் சிக்கிக்கொள்ளும் ஆபத்துதான் நிஜமானது.

பச்சைக் குழந்தைக்கு வலி தெரியாது என்கிறார்களே?

மருத்துவ உலகமே ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பியது. 1980-கள் வரை, பல இடங்களில் குறைமாதக் குழந்தைகளுக்குத் தசையைத் தளர்த்தும் மருந்தும் கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடு என்ற லேசான மயக்க வாயுவும் மட்டும் கொடுத்து நெஞ்சைத் திறந்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் கே. ஜே. ஆனந்தும் சக மருத்துவர்களும் ஒரு சாராருக்கு ஃபென்டனைல் என்ற வலிநிவாரணியும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தக் குழந்தைகளின் ரத்தத்தில் அதிர்ச்சி ஹார்மோன்கள் குறைவு, பின்விளைவுகளும் குறைவு. 1987-இல் வெளியான அந்த ஆய்வுக்குப் பிறகு வலிநிவாரணி இல்லாமல் கத்தி வைப்பதை நியாயப்படுத்த முடியாமல் போயிற்று.

சென்ற முறை மயக்கம் தெளிந்ததும் என் மகன் கத்தித் தீர்த்தான். என்னையே அடையாளம் தெரியவில்லை. மறுபடியும் அப்படி வருமா?

வரலாம். இரண்டு முதல் ஐந்து வயதுக்குள், செவோஃப்ளூரேன் என்ற வாயுவுக்குப் பிறகு இது சகஜம். கண் திறந்திருக்கும், பார்வை எங்கோ இருக்கும். தூக்கினால் திமிறுவான், ஊசிக்குழாயைப் பிடுங்குவான். பெரும்பாலும் அரை மணிக்குள் தூங்கி எழுந்து, ஒன்றும் நடக்காதது போலத் தண்ணீர் கேட்பான். வலியால் அழுகிறானா என்பதை மட்டும் நாங்கள் முதலில் பார்ப்போம். சென்ற முறை நடந்ததைக் கட்டாயம் சொல்லுங்கள். மருந்தை மாற்றிக் கொடுக்க வழியுண்டு.

ஐந்து வயது மகளிடம் "கடைக்குப் போகிறோம்" என்று சொல்லி அழைத்து வரலாமா?

வேண்டாம். தியேட்டர் வாசலில் குட்டு உடைந்தால், அதற்கப்புறம் நான் சொல்லும் எதையும் அவள் நம்ப மாட்டாள். "தூங்கும்போது டாக்டர் சரிசெய்துவிடுவார், விழிக்கும்போது நான் இருப்பேன்" என்று முதல் நாளே சொல்லுங்கள். ஊசி கிடையாது என்று வாக்குக் கொடுக்காதீர்கள். கையில் மரக்கும் களிம்பு தடவுவார்களா என்று கேளுங்கள். அது வேலை செய்ய ஒரு மணி நேரம் ஆகும்.

அரைஞாண் கயிறு, கொலுசு, நகப்பூச்சு?

உலோகம் எதுவும் வேண்டாம். கயிறு ஆபரேஷன் இடத்தில் படாவிட்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை, சர்ஜனைக் கேளுங்கள். ஆக்சிஜன் காட்டும் கிளிப் மாட்ட ஒரு விரலிலாவது பூச்சு இல்லாமல் இருக்கட்டும். ஆடும் பல் இருந்தால் எந்தப் பல் என்று காட்டிவிடுங்கள்.