சிரிப்புக்கு ஒரு கங்காணி

ரீல் பெட்டி: சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் படம் காட்டித் திரிந்த பழைய ஆப்பரேட்டர் வாசகர்களுக்குத் தரும் பதில்கள்

பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் பழைய ஊமைப்படப் போலீஸ் துரத்தலைப் பார்த்து உருண்டு சிரிக்கிறார்கள். ஏன் எல்லாரும் இப்படிப் பறக்கிறார்கள்? மெஷின் கோளாறா?
(ஓய்வுபெற்ற கிராணி, சுங்கை சிப்புட்)

பாதி கோளாறு, பாதி குறும்பு, ஐயா. அந்தக் காலத்தில் கேமராவைக் கையால்தான் சுற்றினார்கள். விநாடிக்குச் சுமார் 16 படம் என்பது பொதுக் கணக்கு. ஆளுக்கு ஆள் கை மாறும். பேசும் படம் வந்த பிறகு ஓட்டும் வேகம் 24 ஆகிவிட்டது. 16-ல் எடுத்ததை 24-ல் ஓட்டினால் நடப்பவன் ஓடுவான், ஓடுபவன் பறப்பான். இது கோளாறு. இந்தப் போலீஸ் படங்களை எடுத்த மேக் செனட்டின் கீஸ்டோன் கம்பெனிக்காரர்கள் துரத்தல் காட்சிகளில் வேண்டுமென்றே கேமராவை இன்னும் மெதுவாகச் சுற்றினார்கள். அது குறும்பு.

என் மெஷினில் இரண்டு வேகத்துக்கும் ஒரு விசை உண்டு. ஒரு சம்பள நாள் இரவு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் திரை கட்டி, எம்.ஜி.ஆர். படத்துக்கு முன்னால் ஒரு ஊமைப்படத் துண்டை விட்டேன். விசையை மாற்ற மறந்துவிட்டேன். முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, “இவனுங்களுக்கு என்ன, பெரட்டுக்கு நேரமாயிருச்சா?” என்று கேட்டதும் திடலே அதிர்ந்தது. அடுத்த மாதமும் அதே துண்டைக் கேட்டார்கள். விசையைத் தொடாதே என்று ஒரு நிபந்தனை வேறு!

சார்லி சாப்ளினைக் கண்டுபிடித்தவர் மேக் செனட் என்கிறார்கள். அப்புறம் ஏன் அவரை விட்டுவிட்டார்?
(கல்லூரி மாணவர், கோலா கங்சார்)

சாப்ளின் ஒருவரைத்தானா விட்டார், தம்பி? செனட் பிடித்து வந்த ஆட்களைச் சொல்லி மாளாது. தங்கியவர்கள்தான் குறைவு.

ஆள் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1880-ல் கனடாவின் கியூபெக்கில் ஐரிஷ் குடும்பத்தில் பிறந்தவர். சொந்தப் பெயர் மைக்கேல் சின்னட். இரும்புப் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டே ஓப்பரா பாடகராகக் கனவு கண்டார். பாட்டு எடுபடவில்லை. 1908-ல் நியூயார்க்கில் பயோகிராஃப் கம்பெனியில் நடிக்கச் சேர்ந்து, டைரக்டர் டி. டபிள்யூ. கிரிஃபித்தின் பின்னாலேயே நடந்து தொழிலைக் கற்றார். போலீஸ்காரனை வைத்துச் சிரிக்க வைக்கலாம் என்று இவர் சொன்னதை மட்டும் கிரிஃபித் காதில் போட்டுக்கொள்ளவில்லையாம். 1912-ல் கெசல், பாமன் என்ற இருவரின் பணத்தில் கீஸ்டோன் தொடங்கியது. லாஸ் ஏஞ்சலிஸில் எடன்டேல் என்ற இடத்தில் ஸ்டூடியோ. அந்தப் போலீஸ் பட்டாளம் அங்கிருந்துதான் தெருவில் இறங்கியது.

சாப்ளின் வாரம் 150 டாலருக்கு வந்தார். 1914 என்ற ஒரே வருடத்தில் 35-க்கும் அதிகமான படங்கள். நடுவில் ஒரு சண்டை: கீஸ்டோன் நடிகை மேபல் நார்மண்ட் டைரக்ட் செய்த படத்தில் அவர் சொன்னபடி நடிக்க மாட்டேன் என்று சாப்ளின் உட்கார்ந்துவிட்டார். செனட் ஆளை அனுப்பிவிடும் கோபத்தில் இருந்தபோது, சாப்ளின் படங்கள் நன்றாக விற்கின்றன, இன்னும் அனுப்பு என்று நியூயார்க்கிலிருந்து தந்தி. கோபம் உடனே ஆறிவிட்டது! தானே டைரக்ட் செய்யக் கேட்ட சாப்ளின், படம் விலைபோகாவிட்டால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சேமிப்பிலிருந்து 1,500 டாலரை ஈடாக வைக்க முன்வந்தார். வருடக் கடைசியில் வாரம் 1,000 கேட்டார். எனக்கே அவ்வளவு வருவதில்லை என்றார் செனட். எஸ்ஸனே கம்பெனி 1,250 கொடுத்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

மரம் சீவுவதில் கைதேர்ந்த ஆளைப் பக்கத்துத் தோட்டம் கிலோவுக்கு ஒரு காசு கூடக் கொடுத்து இழுப்பதை நம் ஊரில் பார்த்திருக்கிறோம் அல்லவா? அதே கதைதான். மேபல் நார்மண்ட், சிரிப்பு நடிகர்கள் ரோஸ்கோ ஆர்பக்கிள், பின்னால் ஹாரி லாங்டன் எல்லாரும் அப்படியே போனார்கள். செனட் ஸ்டூடியோவில் ஒரு கோபுரம் கட்டி, மேல் அறையில் பெரிய குளியல் தொட்டி வைத்து, அங்கிருந்தே வேலைத்தளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். மேட்டு பங்களா துரை மாதிரி. மேலிருந்து பார்த்தால் யார் வேலை செய்கிறான் என்பது தெரியும். யார் மூட்டை கட்டுகிறான் என்பது எப்படித் தெரியும்?

செனட் நல்ல டைரக்டரா, வெறும் முதலாளியா?
(ஆசிரியை, சுங்கை சிப்புட்)

நல்ல மூக்கு உள்ளவர், டீச்சர் அம்மா. எக்கோ பார்க் ஏரியில் தண்ணீரை வடிக்கிறார்கள் என்று தெரிந்ததும் நடிகர்களைச் சேற்றில் இறக்கி 1913-ல் ஒரு படம் எடுத்துவிட்டார். செட் செலவு மிச்சம். 1914-ல் ஆறு ரீல் நீளத்துக்கு ஒரு நகைச்சுவைப் படத்தை டைரக்ட் செய்தார். ஒரு ரீல் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடும்; சிரிப்புப் படம் என்றால் ஒன்றிரண்டு ரீல் என்றிருந்த காலம் அது. ஆனால் ஒரு முகத்தை நிதானமாகப் பார்க்க அவருக்குப் பொறுமை கிடையாது. ஹால் ரோச் கம்பெனியின் சிரிப்பு ஜோடி லாரல், ஹார்டியைப் பாருங்கள். ஒருவன் அடிப்பான், மற்றவன் யோசிப்பான், அப்புறம்தான் திருப்பி அடிப்பான். செனட் படத்தில் யோசிக்க யாருக்கு நேரம்? என் ஓட்டு லாரல், ஹார்டிக்குத்தான்.

கடைசியில் என்ன ஆனார்?
(அதே ஆசிரியை)

பேசும் படக் காலத்திலும் சில வருடம் தாக்குப்பிடித்தார். 1933-ல் திவால். 1938-ல் கௌரவ ஆஸ்கார் கொடுத்தார்கள். 1960 நவம்பரில், 80 வயதில் காலமானார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எடன்டேலில் அவருடைய படப்பிடிப்புக் கூடம் ஒன்று இப்போது சாமான் போட்டு வைக்கும் கிடங்காக இருக்கிறது.

உங்கள் பள்ளியில் படம் காட்ட முடியுமா என்றும் எழுதியிருந்தீர்கள். மெஷின் என் வீட்டுப் பின்கட்டில் பத்திரமாக இருக்கிறது. பல்புதான் போய்விட்டது. 16 எம்.எம். மெஷின் பல்பு யாரிடமாவது சும்மா கிடந்தால் பத்திரிகைக்கு எழுதுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.