அட்சதை விழும் நொடி: டிவிடியைக் கோப்பாக மாற்றுவது பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: 2007-இல் நடந்த எங்கள் திருமணத்தின் ஒளிப்பதிவை, தலா இரண்டு மணி நேரம் ஓடும் இரண்டு டிவிடிகளில் கொடுத்தார்கள். என் மகன் ஹேண்ட்பிரேக் மென்பொருளைக் கொண்டு ஒவ்வொன்றையும் 700 எம்பி கோப்பாக மாற்றினான். தொலைக்காட்சியில் பார்த்தால், யாராவது கையை அசைக்கும்போது சீப்பின் பற்கள் போலக் கோடுகள் தெரிகின்றன. தாலி கட்டும் இடத்தில் படமே கட்டம் கட்டமாக உடைகிறது. எச்.265 முறையில், 1080 அளவில் மாற்றினால் சரியாகுமா? (கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: நீங்கள் சொல்லும் இரண்டும் வெவ்வேறு குறைகள். எச்.265 என்ற படச் சுருக்க முறையும் 1080 அளவும் அவற்றில் எதையும் தீர்க்கமாட்டா.

முதலில் சீப்புக் கோடுகளைப் பார்ப்போம். நம் நாட்டுத் திருமணங்களை அக்காலத்தில் எடுத்த கேமராக்கள் பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில், வினாடிக்கு 50 அரைப்படங்களாகப் பதிவு செய்தன. ஒற்றை வரிசைக் கோடுகள் ஒரு கணத்திலும் இரட்டை வரிசைக் கோடுகள் வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு கழித்தும் பதிவாகும். இவ்விரண்டும் பின்னப்பட்டு ஒரு முழுப் பிரேமாக வட்டில் இருக்கின்றன. பழைய குழாய்த் தொலைக்காட்சி அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகவே காட்டியதால் குறை தெரியவில்லை. இன்றைய திரை முழுப் பிரேமையும் ஒரே நேரத்தில் காட்டுவதால், அசையும் கை இரண்டு இடங்களில் மாறி மாறிக் கோடுகளாக விழுகிறது. டிவிடி பிளேயரில் ஓட்டும்போது பிளேயரோ தொலைக்காட்சியோ இதைத் தானே சரிசெய்துகொள்கிறது. ஆனால் ஹேண்ட்பிரேக் எழுதும் கோப்பில் ஒவ்வொரு பிரேமும் முழுப்படம் என்றே குறிக்கப்படுவதால், கோடுகள் படத்தின் பகுதியாகவே உறைந்துவிடுகின்றன, தொலைக்காட்சிக்கும் அவற்றைப் பிரிக்க வழி தெரிவதில்லை.

ஆகவே மாற்றும்போதே பிரித்துவிட வேண்டும். ஃபில்டர்ஸ் பகுதியில் டீஇன்டர்லேஸ் என்ற இடத்தில் யாடிஃப் முறையையும், அதற்குரிய தெரிவுகளில் பாப் என்பதையும் தேர்ந்தெடுங்கள். பாப் ஒவ்வொரு அரைப்படத்தையும் தனிப் பிரேமாக விரித்து வினாடிக்கு 50 பிரேம்கள் தருகிறது. சாதாரணத் தெரிவு 25 மட்டுமே தரும், அசைவுகளின் இயல்பான வழுவழுப்பு அதில் பாதியாகிவிடும். இங்கே ஒரு கண்ணி உண்டு. 576பி25 என்ற பெயருள்ள முன்னமைப்பை எடுத்தால், அது பிரேம் எண்ணிக்கையை 25-க்கு மேல் போகவிடாது. பாப் உண்டாக்கிய பிரேம்களில் பாதி ஓசையின்றி எறியப்படும். எனவே வீடியோ பகுதியில் பிரேம் விகிதம் 50 என்றும் அது மாறாதது என்றும் நீங்களே குறித்துவிடுங்கள். என் தமக்கையின் திருமண வட்டை 25 பிரேம்களில் மாற்றி முடித்து, அது போதும் என்று எண்ணி மூல வட்டை அப்புறப்படுத்திய பிறகுதான் இதை நான் அறிந்துகொண்டேன். அந்த நாகஸ்வரக்காரரின் விரல்கள் இன்று எங்கள் வீட்டுக் கோப்பில் தத்தித் தத்தியே நகர்கின்றன. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அடுத்தது கட்டங்கள். 700 எம்பி என்பது ஒரு படத்தை ஒரே சிடிக்குள் அடக்க வேண்டியிருந்த காலத்தின் கணக்கு. உங்கள் வட்டில் இரண்டு மணி நேரம் 4.7 ஜிபிக்குள் இருக்கிறது என்றால், வினாடிக்கு ஏறத்தாழ 5 மெகாபிட் கிடைத்திருக்கிறது. 700 எம்பியில் ஒலியையும் சேர்த்து 0.8 மெகாபிட்தான் தேறும். பந்தியில் உட்கார்ந்திருப்பவர்களைக் காட்டும் அசையாத காட்சிக்கு அது போதலாம். தாலி ஏறும் நொடியிலோ, நூற்றுக்கணக்கான அரிசிமணிகள் திரை முழுவதும் ஒவ்வொன்றும் ஒரு திசையில் பறக்கின்றன, அதே கணத்தில் புகைப்பட ஃபிளாஷ்கள் படத்தையே வெளுக்கச் செய்கின்றன. படத்தைச் சுருக்கி எழுதும் என்கோடரால் அப்போது முந்தைய பிரேமிலிருந்து எதையும் எடுத்துப் பயன்படுத்த முடியாது; அதற்குத் திருமண வீடியோவில் இதைவிடக் கடினமான இடம் இல்லை. நீங்கள் மிகவும் விரும்பிப் பார்க்கும் நொடியே முதலில் உடைவதற்குக் காரணம் இதுதான்.

கோப்பின் அளவை முன்கூட்டியே நிர்ணயிக்காமல், தரத்தை நிர்ணயிக்கும் கான்ஸ்டன்ட் குவாலிட்டி முறையைப் பயன்படுத்துங்கள். என்கோடராக எச்.264 எக்ஸ்264 இருக்கட்டும். தரத்தைக் குறிக்கும் ஆர்எஃப் எண் குறையக் குறையத் தரம் உயரும். டிவிடி அளவுப் படங்களுக்கு 18 முதல் 22 வரை ஏற்றது, உங்கள் வட்டுக்கு நான் 19-இல் தொடங்குவேன். வேகத்தில் ஸ்லோ என்பதை வைத்து இரவில் ஓடவிடுங்கள். கிராஃபிக்ஸ் கார்டைக் கொண்டு விரைவாகச் செய்யும் தெரிவுகள் அதே தரத்துக்குப் பொதுவாகப் பெரிய கோப்பைத் தருவதால், ஒருமுறை மட்டுமே செய்யப்போகும் வேலைக்கு அவை வேண்டாம்.

எச்.265 இடத்தைக் கொஞ்சம் மிச்சப்படுத்தும்; ஆனால் பழைய தொலைக்காட்சிகள் பல அதை ஓட்டுவதில்லை. 1080-ஐப் பொறுத்தவரை, உங்கள் வட்டில் உள்ள படம் 720-க்கு 576 புள்ளிகள். 1920-க்கு 1080 என்பது அதைப்போலச் சரியாக ஐந்து மடங்கு. வட்டில் இல்லாத விவரத்தை என்கோடரால் உண்டாக்க முடியாது, திரைக்கேற்றபடி பெரிதாக்கும் வேலையைத் தொலைக்காட்சியே செய்துகொள்ளும். அளவை அப்படியே விட்டு, அகல உயர விகிதத்தைக் காக்கும் அனமார்ஃபிக் என்பதை ஆட்டோமேட்டிக்கில் வையுங்கள். இல்லையென்றால் முகங்கள் அகன்றோ நீண்டோ தெரியக்கூடும். புள்ளிப் புள்ளியான இரைச்சலை நீக்கும் வடிகட்டியைத் தொடாதிருப்பது நல்லது, பட்டுச்சேலையின் ஜரிகை வேலைப்பாட்டையும் அது சேர்த்தே வழித்துவிடும்.

ஒலி ஏசி3 ஆக இருந்தால் மாற்றாமல் அப்படியே கடத்துங்கள். வேறு வடிவில் இருந்தால் ஏஏசி 192 கிலோபிட் போதும். அதற்குக் கீழே போனால் நாகஸ்வரமும் தவிலும் சேர்ந்து ஒலிக்கும் இடங்களில் இரைச்சல் கேட்கத் தொடங்கலாம்.

பென்டிரைவில் போட்டுப் பார்ப்பதாக இருந்தால், ஃபேட்32 முறையில் உள்ள பென்டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்காது; முகூர்த்தம், வரவேற்பு என்று பிரித்து மாற்றிக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் முன்பாக, இரண்டு வட்டுகளையும் முழுமையாக ஐஎஸ்ஓ கோப்பாக நகலெடுத்து வன்தட்டில் வைத்துவிடுங்கள். கணினியில் எழுதப்பட்ட இத்தகைய வட்டில் படம் ஒரு சாயப் படலத்தில்தான் இருக்கிறது; வெயிலிலும் வெப்பத்திலும் அது மங்கும்.

கேள்வி: கடையில் வாங்கிய திரைப்பட டிவிடிகளுக்கும் இதே அமைப்புதானா? (சென்னையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: இல்லை. பூட்டப்பட்ட வட்டுகளை ஹேண்ட்பிரேக் திறக்காது. பதிப்புரிமையை மீறும் நோக்கத்துடன் அத்தகைய பூட்டை உடைப்பது, பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவின்படி நம் நாட்டில் குற்றம். பூட்டில்லாத வட்டாக இருந்தால், அசைவு மிகுந்த ஓர் இடத்தில் நிறுத்தி, ஒவ்வொரு பிரேமாக நகர்த்திப் பாருங்கள். கோடுகளே இல்லையென்றால், 24 பிரேம் படம் பால் வட்டுக்காக 25 பிரேமாக ஓட்டப்பட்டிருக்கக்கூடும். எந்த வடிகட்டியும் வேண்டாம். மூன்று பிரேம் சுத்தமாகவும் இரண்டு பிரேம் கோடுகளுடனும் மாறி மாறி வந்தால், அது என்டிஎஸ்சி என்ற மற்றொரு தொலைக்காட்சி முறைக்காக விரிக்கப்பட்ட படம். டீடெலிசின் வடிகட்டியைப் பயன்படுத்திப் பிரேம் விகிதத்தை 23.976 ஆக்குங்கள். எல்லாப் பிரேமிலும் கோடுகள் இருந்தால் மட்டுமே முன்னே சொன்ன பாப் வழி பொருந்தும். எந்த வட்டானாலும், முழுவதையும் மாற்றுவதற்கு முன் மிகவும் அசைவுள்ள இரண்டு நிமிடங்களை மட்டும் 18, 20, 22 ஆகிய மூன்று எண்களிலும் மாற்றி, நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து உங்கள் தொலைக்காட்சியிலேயே பாருங்கள். அவற்றில் இரண்டுக்கு இடையே வேறுபாடு தெரியவில்லையென்றால், அவ்விரண்டில் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம்.